கரைக்கு வந்த கடல்

கப்பலேறியவர் நடுக்கடலிலே தலை சுற்றி வருந்துவது உலகமறிந்த செய்தி. அதற்கு மருந்துண்டு, மோந்து பார்க்கத் தேசிக்காய் உண்டு, ‘ஐயோ பாவம்’ என்று முதுகைத் தடவிவிட ஆளும் உண்டு. ஆயின், கடலிலே கருங்கல்லைப் போல அசையாதிருந்துவிட்டு, கரையேறிய மூன்றாம் நாள் வகுப்பறையிலே மேசையைப் பற்றிக்கொண்டு தள்ளாடி நிற்பவனுக்கு யார் இரங்குவார்? இரங்க மாட்டார், கிட்ட வந்து மோந்து பார்ப்பார். எம்மையும் மோந்து பார்த்தார்கள். அந்தக் கதையைச் சொல்லவே இன்று எழுதுகோலை எடுத்தோம்.

எம் மனைவிக்குச் சிக்கல் சிங்காரவேலரிடம் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய கப்பற் சேவை, மாரிக்கடலின் சீற்றத்தாற் சில நாட்களிலேயே நின்று, 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் நடுப்பகுதியில் மறுபடி தொடங்கியது. கப்பலில் இந்தியா போவதென்பது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக எங்கள் பக்கத்திலே கிழவர் சொல்லும் பழங்கதையாக இருந்தது. கதை மெய்யாகும்போது விடலாமா? விடுமுறையும் வாய்த்தது. நல்லூர்த் தேருக்கு முன்னர் திரும்பிவிடுவதென்று முடிவுசெய்து புறப்பட்டோம்.

போகும்போது கடல் அடங்கியிருந்தது. திரும்பும்போது சோழகம் பிடித்துக்கொண்டது. அறுபது கடல்மைல் வரையான தூரம். நான்கு மணித்தியாலப் பயணம். அந்த நான்கு மணித்தியாலமும் எம் மனைவி தலை நிமிர்த்தவில்லை. பக்கத்துக் கதிரைகளிலும் அதே காட்சி. நாமோ யன்னலருகே நிமிர்ந்திருந்து, அலைகளை எண்ணிக்கொண்டு, நாகபட்டினத்திலே வாங்கிய முறுக்கைக் கடித்துக்கொண்டு வந்தோம். “உமக்குக் கடலென்றாற் பயம், பயந்தான் வயிற்றைப் புரட்டுகிறது” என்று ஒரு வியாக்கியானமும் செய்தோம். அன்றைய எமது பெருமிதத்தை இப்போது நினைத்தால் நாணமாக இருக்கிறது.

காங்கேசன்துறையில் இறங்கி வீடுவந்து சேர்வதற்குள் அவர் தெளிந்துவிட்டார். தேநீர் போட அடுக்களைக்குப் போய்விட்டார். நாம் குளிப்பதற்காகக் கிணற்றடிக்குப் போனோம். முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினோம். கிணற்றுக்கட்டு எழுந்தது, பின் தாழ்ந்தது, மறுபடியும் எழுந்தது. கண்ணைத் திறந்தால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. மூடினாற் கப்பல்.

அலுப்பு, ஒரு நித்திரை கொண்டால் மாறிவிடும் என்று படுத்தோம். கட்டில் கடலாயிற்று. இது சுழற்சி அன்று என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பித்தத்தினாலோ பசியினாலோ தலை சுற்றுபவனுக்கு உலகம் பம்பரம்போலச் சுழலும். எமக்கு எதுவும் சுழலவில்லை. ஊஞ்சலிலே இருத்தி யாரோ மெல்ல ஆட்டுவது போன்ற ஓர் அசைவு, ஓயாது, ஒரே தாளத்தில். வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“என்னப்பா, என்ன செய்யுது?” என்றார் மனைவி.

சொன்னோம். எம்மைப் பழிவாங்க அவருக்கு அதைவிட நல்ல தருணம் வாய்த்திராது. ஆயினும் சிரிக்கவில்லை. வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் கொண்டுவந்து தந்து, “நான் கடலைக் கடலிலேயே குடுத்திட்டு வந்திட்டன். நீங்கள் வீட்டை கொண்டு வந்திருக்கிறியள்” என்று மாத்திரம் சொன்னார். பின்னர் நாம் கேட்ட வைத்திய விளக்கங்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

விடுமுறை முடிந்து கல்லூரி தொடங்கியது. பஸ் வண்டியில் ஏறி அமர்ந்ததும் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. வண்டி புறப்பட்டுக் குலுங்கத் தொடங்கிய அக்கணமே எமது ஆட்டம் நின்றுவிட்டது! தலை தெளிந்தது, உடல் இலேசாயிற்று. முருகன் கண் திறந்தான் என்று எண்ணினோம். கல்லூரி வாயிலில் இறங்கினோம். தார் வீதி ஓர் அலையாக எழுந்து எம்மை வரவேற்றது.

நாம் புவியியல் படிப்பிப்பவர். பாராமலே கரும்பலகையில் இலங்கைப் படத்தை ஒரே இழுப்பில் வரைவது எமது நெடுநாளைய வித்தை. மாணவர் அதைப் பார்க்கவென்றே காத்திருப்பர். அன்று பருவக்காற்றுப் பாடம். வெண்கட்டியை எடுத்து வடக்கிலே தொடங்கினோம். மேற்குக் கரையால் இறங்கும்போது பலகை சரிந்தது. காலி எங்கோ போயிற்று. அம்பாந்தோட்டை கடலுக்குள் விழுந்தது. கோடு நடுங்குவதை நாற்பது கண்கள் கண்டன. திரும்பி நின்று, விழாதிருக்க மேசையின் விளிம்பைப் பற்றினோம். பின்வரிசையிலே ஒருவன் தன் நண்பன் காதிலே ஏதோ சொன்னான். நண்பன் வாயைப் பொத்திக்கொண்டான்.

என்ன சொன்னான் என்பது மறுநாள் ஆசிரியர் ஓய்வறையிலே தெரிந்தது. நெடுங்காலம் எம்மோடு பணியாற்றும் நண்பர் ஒருவர் அருகே வந்திருந்து, நலம் விசாரித்து, பேச்சோடு பேச்சாக மூக்கை எம் முகத்தருகே கொண்டுவந்தார். பனங்கள்ளின் காலமும் அன்று. ஆயினும் இருபது ஆண்டாகத் திருநீறும் வெள்ளை வேட்டியுமாக அந்தக் கல்லூரியிலே நடந்தவர் நாம். அந்த மூக்கு அண்மித்த கணத்திலே தரை ஆடியதைவிட மிகுதியாக உள்ளம் ஆடிற்று. “கப்பலிலிருந்து இறங்கிய நாள்முதல் நிலம் ஆடுகிறது” என்றோம். “கப்பல் வந்து கிழமையாகுதே, மாஸ்டர்” என்றார் அவர். அவருடைய முகத்திலே நம்பிக்கை இல்லை. இரக்கம்போன்ற ஒன்று இருந்தது. அது இன்னும் கொடிது.

முதலிலே கண்ட வைத்தியர் இரத்த அழுத்தம் பார்த்தார், இரத்தம் சோதித்தார், யாவும் சரியென்றார். கடல்மயக்கத்துக்குக் கொடுக்கும் குளிசைகளை எழுதித் தந்தார். அவை நித்திரையைத் தந்தன, ஆட்டத்தை எடுக்கவில்லை. நித்திரைத் தூக்கமும் ஆட்டமும் சேர, ஊரார் ஐயத்துக்கு நாமே சாட்சியமானோம்.

இனி ஒரு வெட்கக்கேட்டையும் மறைக்காது சொல்லிவிடுகிறோம். பஸ்ஸிலே சுகமாக இருக்கிறதல்லவா? ஆகவே, மாலையிற் கல்லூரி விட்டதும் வீட்டுக்குப் போகாமற் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி, அங்குச் சென்று, இறங்காமலே அதே வண்டியில் யாழ்ப்பாணம் திரும்பத் தொடங்கினோம். ஒருநாள் நடத்துநர், “மாஸ்டர், அங்கை ஆரையேன் பாக்கவேணுமே?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமற் பற்றுச்சீட்டை மடித்துக்கொண்டிருந்தோம். குடிகாரனுக்குக் கள்ளுக்கொட்டில் எப்படியோ அப்படி ஆயிற்று எமக்கு அந்த வண்டி. இறங்கிய பின் வரும் ஆட்டமோ முன்னையிலும் கூடுதலாயிருந்தது.

செப்தெம்பர் முதலாந் திகதி நல்லூர்த் தேர். சனசமுத்திரம் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் சொல்லின் பொருளை அன்றுதான் முழுமையாக அறிந்தோம். எத்திசை நோக்கினும் தலைகள் அசைந்தன, வடம் அசைந்தது, தேர் அசைந்தது. கண் அவ்வசைவைக் காணக் காண உள்ளசைவு பெருகிற்று. நாம் கண்ணை மூடி முன்னும் பின்னும் ஆடுவதைக் கண்ட மூதாட்டி ஒருவர், “அருள் வந்திட்டுது, விலகுங்கோ பிள்ளையள்” என்று எம்மைச் சூழ இடம் எடுத்துத் தந்தார். வாழ்க அவர்! குடியென்று சொல்லாது அருளென்று சொன்னவர் அவர் ஒருவரே.

அதற்கடுத்த கிழமை காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவரிடம் போனோம். வயதில் எமது பழைய மாணவியாக இருக்கத்தக்க இளம் பெண். கட்டிலிலே படுக்கவைத்துத் தலையை அங்குமிங்கும் திருப்பிக் கண்களைக் கவனித்தார், காது கேட்கும் அளவைச் சோதித்தார், கோட்டிலே நடக்கவைத்தார். பேச்சுக் குழறியதா, ஒன்று இரண்டாகத் தெரிந்ததா, ஒரு பக்கக் கைகால் சோர்ந்ததா, தாங்கொணாத தலையிடி வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். அவற்றில் ஒன்றேனும் தலைச்சுற்றோடு சேர்ந்து வந்தால் ஒரு மணிநேரமும் தாமதியாது ஆசுபத்திரிக்கு ஓட வேண்டுமாம். குடும்பத் தலைவர்கள் இதை மறவாதிருப்பார்களாக. எம்மிடம் அவை எதுவும் இல்லை. பின்னர்,

“சேர், பஸ்ஸில போகேக்க எப்பிடி இருக்கும்?” என்றார்.

நாம் திடுக்கிட்டோம். எவரிடமும் சொல்லாத இரகசியம் அது. தயங்கித் தயங்கிப் பருத்தித்துறைப் பயணங்களைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “அதுதான் இந்த வருத்தத்தின்ர அடையாளம்” என்று சொல்லி எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே நிமிர்ந்து பாராமற் சொன்னார்: “நிலமும் ஆடேல்ல, உங்கட புத்தியும் ஆடேல்ல, சேர். யோசியாதையுங்கோ.”

அவ்வாக்கியம் எம்மை எங்கே கொண்டுபோய் இறக்கிற்று என்பதைப் பின்னர் சொல்வோம். முதலில் அவர் விளக்கியதையும், அதன்பின் நாம் தேடிப் படித்ததையும் சொல்கிறோம்.

இந்நிலைக்குப் பிரெஞ்சு மொழியிலே ‘மால் தெ தெபார்க்மான்’ என்று பெயர். கரையிறங்கு நோய் என்று தமிழாக்கலாம். எமது உட்காதிலே திரவம் நிறைந்த அரைவட்டக் கால்வாய்கள் மூன்று உள. தலை திரும்புவதை அவை உணரும். பக்கத்திலுள்ள இரண்டு சிறு பைகளிலே கல்சியங் காபனேற்றாலான நுண்மணிகள் உள; மேல், கீழ், முன், பின் அசைவையும் சரிவையும் அவை உணர்த்தும். கண்ணும் பாதமும் தத்தம் செய்தியை அனுப்பும். கப்பலிலே இச்செய்திகள் ஒன்றோடொன்று முரண, மூளை முதலிற் குழம்புகிறது, குழம்பியவர் வாந்தியெடுக்கிறார். சிறிது சிறிதாக அலையின் தாளத்தை மூளை கற்றுக்கொண்டு, அடுத்த அசைவை முன்கூட்டியே எதிர்பார்த்து ஈடுசெய்யப் பழகுகிறது. கரையேறிய பின்னும் அந்த எதிர்பார்ப்பு ஓயாதிருப்பதே இந்நோய் என்பது பெரும்பாலான அறிஞர் கொள்ளும் விளக்கம். காவடியை இறக்கிவைத்த பின்னும் தோள் காவடிக்கே வளைந்து நிற்பதில்லையா, அதுபோல. வாகனத்திலே உண்மையாகவே அசைவு இருப்பதால், மூளையின் கணக்குச் சரியாகி அமைதி பிறக்கிறது. மிக நன்றாகக் கற்ற மாணவனே இங்குத் துன்பப்படுகிறான் என்று கொள்ளலாம் போலும்! கப்பலிலே சுகமாக இருந்தோம் என்ற பெருமை ஒரு காப்பும் ஆகாது.

இது புதிதுமன்று. சாள்ஸ் டார்வினுடைய பாட்டனாரான இராஸ்மஸ் டார்வின் என்னும் வைத்தியர் 1790களில் வெளியிட்ட ‘சூனோமியா’ என்னும் நூலிலே, நெடுநாட் கப்பலில் இருந்து கரைக்கு வந்தோர் அரைத்துயிலில் அறையும் தளபாடங்களும் கப்பல்போல அசைவதாக உணர்வதைக் குறித்திருக்கிறார். (பேரனார் 1831 முதல் 1836 வரை ‘பீகிள்’ கப்பலிலே உலகைச் சுற்றியபோது கடல்மயக்கத்தாற் பட்ட பாடு தனிக்கதை.) பெரும்பாலானோருக்கு இவ்வசைவு சில மணித்தியாலங்களில், மிஞ்சினால் இரண்டு நாளில் மறைந்துவிடும், அதை நோயென்று சொல்வதில்லை. 1914ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற உட்காது ஆராய்ச்சியாளர் பாரனியின் பெயர்கொண்ட சங்கம் 2020இல் வகுத்த வரையறையின்படி, பயணம் முடிந்து 48 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி, 48 மணித்தியாலங்களுக்கு மேல் நீடித்தாலே அது நோய். ஒரு மாதத்தைக் கடந்தால் நாட்பட்டது எனப்படும். ஆண்டுக்கணக்கில் வருந்துவோரும் உளர். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களிடத்தே மிகுதியாகக் காணப்படுகிறதாம். அவர்கள் சொல்வதை வீட்டிலே நம்புவதற்கு முன் எத்தனை நாள் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். நியூயோர்க்கிலே மிங்ஜியா டாய், பேணாட் கோகென் என்னும் இருவரும் அவர்தம் குழுவினரும் 2014இல் ஒரு சிகிச்சையை வெளியிட்டனர்: நோயாளியின் முன்னே கோடுகளை நகரவிட்டு, அவரது ஆட்டத்தின் தாளத்துக்கே தலையைப் பக்கவாட்டில் மெல்ல அசைப்பது. 24 பேரில் 17 பேர் பெரிதும் குணமடைந்தனர். அத்தகைய கருவி எங்கள் ஊரில் எங்கே!

எமக்குக் கிடைத்தவை எளிய புத்திமதிகளே. குளிசைகளை நிறுத்தச் சொன்னார். படுத்துக் கிடக்க வேண்டாம், நடவுங்கள் என்றார். பருத்தித்துறைப் பயணங்களை அடியோடு விடச் சொன்னார்: “சொறியச் சொறியச் சுகமாத்தான் இருக்கும் சேர், பிறகு எரியும்.” கல்லூரிக்கு வேறு வழியில்லாதபடியால் அந்த ஒரு பயணம் மட்டும் மிஞ்சிற்று. விடியற்காலையிலே தோட்டத்து ஒழுங்கை வழியே, தூரத்துப் பனைவட்டுகளில் கண்ணை நிறுத்தி, அரை மணிநேரம் வெறுங்காலோடு நடந்தோம். செம்மண்ணின் குளிர்ச்சி பாதத்திலே படும்போது பாதம் தன் வேலையை நினைவுகூர்வது போல இருக்கும். இரவிலே கைத்தொலைபேசியை மனைவி வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். ஓடும் படங்களைப் பார்த்தால் ஆட்டம் கூடும் என்பதை அவரே முதலிற் கண்டுபிடித்தவர். நித்திரை குறைந்த நாளிலும் மனம் நொந்த நாளிலும் அலை பெரிது. ஒன்பது மணிக்கே உறங்கிய மறுநாள் அலை சிறிது. சுவருக்கு முதுகைக் கொடுத்துப் பாதங்களை ஒட்டிவைத்துக் கண்மூடி நிற்கும் பழக்கமும் செய்தோம். விழுந்தாற் சுவர் தாங்கும் என்ற எண்ணமே பாதி மருந்து.

இவற்றுள் எது குணம் தந்தது, காலந்தான் தானே தந்ததா, சொல்வதற்கில்லை. இறங்கிய நாளிலிருந்து 23ஆம் நாட் காலை கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினோம். கிணற்றுக்கட்டு கிணற்றுக்கட்டாகவே நின்றது. நீரை ஊற்ற மறந்து நெடுநேரம் நின்றோம். அன்று பருவக்காற்றுப் பாடத்தை மீண்டும் எடுத்து, இலங்கைப் படத்தை ஒரே இழுப்பில் வரைந்தோம். அம்பாந்தோட்டை தன் இடத்தில் இருந்தது. ஓய்வறை நண்பர் தாமாகவே வந்து தேநீர் ஊற்றித் தந்தார். அவரை நாம் நொந்துகொள்ளவில்லை. நொந்துகொள்ள எமக்கு உரிமையில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

2018ஆம் ஆண்டு எமது வகுப்பிலே நெடுந்தீவுப் பையன் ஒருவன் இருந்தான். கல்லூரி விடுதியிலே தங்கிப் படித்தவன். வெள்ளி மாலை வீட்டுக்குப் போவான். திங்கட்கிழமை விடியற் படகிலே குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்கு வருவான். திங்களன்று முதற்பாடம் புவியியல். சோழகக் காலத்துத் திங்கட்கிழமைகளில் அவன் தலையை மேசைமேல் வைத்துக் கிடப்பான். ஒருநாள் எழுப்பி நிறுத்தினோம். மேசையைப் பிடித்துக்கொண்டு, “சேர், நிலம் ஆடுது சேர்” என்றான்.

“நிலம் ஆடினாற் புவியியல் படிப்பிக்கிற எனக்கல்லோ முதலிலே தெரியும்! ஆடுவது நிலமன்று தம்பி, உமது புத்தி” என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அச்சிரிப்பை நாம் விரும்பினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன்பின் திங்கட்கிழமைகளில் அவன் நிமிர்ந்தே இருந்தான். எமது கண்டிப்பின் பயன் என்று மகிழ்ந்தோம். தவணை முடிவில் விடுதிப் பொறுப்பாசிரியர் வேறொரு பேச்சிடையே சொன்னார்: பையன் அன்று தொடக்கம் ஒரு சனி ஞாயிறும் வீட்டுக்குப் போகவில்லையாம்.

வைத்தியப் பெண் சொன்ன வாக்கியத்திலே எம்மைத் திடுக்கிடச் செய்தது இதுதான்.

2025ஆம் ஆண்டு பங்குனியிலே, உடன் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் வீட்டுத் திருமணத்துக்காக நெடுந்தீவு போக நேர்ந்தது. மறுபடி கடலா என்று மனைவி அஞ்சினார், நாமும் அஞ்சினோம். ஒரு மணிநேரப் படகுதானே, காற்றில்லாக் காலந்தானே என்று துணிந்தோம். குறிகட்டுவானிலே படகுத் தட்டின் ஓரத்தில் நாம் கயிற்றைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருக்க, அரிசி மூட்டையொன்றை இறக்கிவைத்த இளைஞன் நிமிர்ந்து, “சேர், என்னைத் தெரியுதோ?” என்றான். மீசை முளைத்திருந்தது. கண் மாறவில்லை. யாழ்ப்பாணத்திலே ஒரு கடையில் வேலையாம்; கிழமைதோறும் வீட்டுக்குப் போய் வருகிறானாம்.

படகு புறப்பட்டுச் சற்று நேரம் சென்றபின் சொன்னோம். நாகபட்டினக் கப்பலையும், 23 நாளையும், ஓய்வறை மூக்கையும், எல்லாவற்றையும் சொன்னோம். கடைசியாக, “அன்றைக்கு நீர் சொன்னது உண்மை தம்பி. பிழை என்னுடையது” என்றோம்.

அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்பவும் ஆடும், சேர்,” என்றான். “இறங்கினா ரண்டு நாளைக்கு ஆடும். நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்ல.”

நெடுந்தீவுத் துறை நெருங்கிற்று. அவன் முதலிற் குதித்து, எம் மனைவியை இறக்கிவிட்டு, எம்மிடம் கையை நீட்டினான். படியிலே கால் வைத்தோம். படி ஒருமுறை எழுந்து தாழ்ந்தது. அவன் எம் முகத்தைப் பார்த்தான்; “ஆடுதோ சேர்?” என்று கேட்டுச் சிரித்தான். ஆம் என்றோம். கையை விடாமலே மேட்டுக்குக் கூட்டிச் சென்றான்.